ஏடு தொடக்காத கல்வி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக ஊர்காவற்றுறை நோக்கிச் செல்வோர், மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் கடந்ததும் மண்கும்பானை அடைவர். வேலணைத் தீவைச் சேர்ந்த சிற்றூர் அது. மணலும் பனையும் பிள்ளையார் கோயிலுமே அவ்வூரை அறிந்தோர் நினைவில் முதலில் எழுவன. அங்குள்ள வீட்டுத் திண்ணை ஒன்றை இன்று சிறிது நேரம் நமது ஆராய்ச்சிக் கூடமாகக் கொள்வோம்.

திண்ணையில் அம்மம்மா அமர்ந்திருக்கின்றார். அவர் அருகே ஒரு பனங்கட்டிக் குட்டான் இருக்கின்றது. முற்றத்தில் நிற்கும் பேத்திக்கு இரண்டு வயது இருக்கும். குழந்தையின் கண் குட்டானிலேயே நிலைத்திருப்பதைக் கண்ட அம்மம்மா, "என்ன பிள்ளை, என்ன வேணும்?" என்று கேட்கின்றார். குழந்தை சுட்டுவிரலை நீட்டி, "உது" என்கின்றது.

ஒரே ஒரு சொல். ஆயினும் அச்சொல்லிற் பெரிய இலக்கணம் ஒன்று அடங்கியிருக்கின்றது. தன் கையில் உள்ளதாயின் குழந்தை 'இது' என்றிருக்கும். வேலிக்கு அப்பால் உள்ளதாயின் 'அது' என்றிருக்கும். குட்டான் கேட்பவரின் பக்கத்தில் இருக்கின்றமையால் 'உது' என்றது. அ, இ, உ என்னும் மூன்றும் சுட்டு என்பது தொல்காப்பியம் கூறும் இலக்கணம். தமிழகத்துப் பேச்சில் உகரச்சுட்டு வழக்கொழிந்து போயிற்று. யாழ்ப்பாணத்திலும் தீவகத்திலும் அஃது இன்றும் அன்றாடப் பேச்சில் வாழ்கின்றது. இந்த வேறுபாட்டை அக்குழந்தைக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்குமாறு கேட்டால், பெரியவர்களுட் பலர் விளக்கவியலாது திகைப்பர். அங்ஙனமாயின், அச்சொல் அக்குழந்தையிடம் எவ்வாறு வந்தது?

இவ்வினாவுக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. தமிழ் நம் இரத்தத்திலேயே ஊறியது என்பது ஒன்று. பேச்சு வெறும் பழக்கமே, கிளிப்பிள்ளை போலக் கேட்டதைத் திருப்பிச் சொல்வதே என்பது மற்றொன்று. மொழியை மனித உடலின் இயல்புகளுள் ஒன்றாகக் கொண்டு, ஓர் உறுப்பின் வளர்ச்சியை ஆராய்வது போல அதனை ஆராய்ந்த அறிஞர்கள், இவ்விரு விடைகளும் முழு உண்மையல்ல எனக் கண்டனர். மொழியைக் கற்கும் திறம் மனித குலம் முழுவதற்கும் பொதுவான பிறப்புரிமை. எந்த மொழி என்பது கேள்வியால் வருவது. அந்தக் கேள்விக்கு ஒரு பருவம் உண்டு. இம்மூன்றும் நம் வீட்டுக் குழந்தைகளின் வாழ்வோடு எங்ஙனம் தொடர்புடையன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நம் வீடுகளில் விசயதசமி நாளன்று குழந்தைக்கு ஏடு தொடக்குகின்றோம். பெரியவர் ஒருவர் குழந்தையை மடியில் இருத்தி, விரலைப் பிடித்து, அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றார். அதன்பின் பள்ளிக்கூடம், ஆசிரியர், பல ஆண்டுப் பயிற்சி. இத்தனையும் இருந்தாலன்றி எழுத்து வருவதில்லை. ஆனால் நடப்பதற்கு நாம் ஏடு தொடக்குவதில்லை. பேசுவதற்கும் தொடக்குவதில்லை. உரிய காலம் வந்ததும் குழந்தை எழுந்து நிற்கின்றது, நடக்கின்றது, பேசுகின்றது. எழுத்தறியாத சமுதாயங்கள் உலகில் எத்தனையோ இருந்தன. பேச்சறியாத சமுதாயம் ஒன்றேனும் கண்டறியப்படவில்லை.

நடையையும் எழுத்தையும் இவ்வாறு ஒப்பிட்டு, பேச்சு இவற்றுள் எதனைச் சேர்ந்தது என்று வினவியவர் எரிக் லெனபர்க் என்னும் அறிஞர். ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த அவர், மொழியின் உயிரியல் அடிப்படைகள் பற்றிய தமது நூலை 1967 ஆம் ஆண்டில் வெளியிட்டார். பேச்சு நடையைச் சேர்ந்தது என்பது அவர் முடிபு. ஏறக்குறைய ஆறாம் மாதத்தில் மழலை ஒலிகள், ஓராண்டளவில் முதற்சொல், ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் இரு சொற்களை இணைத்த சிறு தொடர்கள். மண்கும்பானாயினும் மொஸ்கோவாயினும் இவ்வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. பல் முளைப்பது போலவும் தவழ்வது போலவும் உடலின் வளர்ச்சியோடு ஒட்டி வரும் முறைமை இது.

ஆயினும் பல் முளைப்பதற்கும் பேச்சு வருவதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதனை விளங்கிக்கொள்ளப் பறவைகளை நோக்குவோம். மண்கும்பானிற் கூவும் சேவலும் நெடுந்தீவிற் கூவும் சேவலும் ஒரே விதமாகக் கூவுகின்றன. சேவல் தன் கூவலைக் கற்பதில்லை. வேறொரு சேவலின் குரலைக் கேளாது வளர்ந்தாலும் அது சேவலாகவே கூவும். பாடும் குருவிகள் சிலவற்றின் இயல்பு வேறு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோர்ப் என்னும் அறிஞர் 1950களில் ஆங்கில நாட்டுச் சிறு குருவி ஒன்றை ஆராய்ந்தார். தன் இனத்தின் பாட்டைக் கேளாமற் கூட்டில் தனித்து வளர்க்கப்பட்ட குருவி, உருக்குலைந்த ஒரு பாட்டையே பாடிற்று. குஞ்சுப் பருவத்திற் பாட்டைக் கேட்டது, பின்னர் அதனைச் செம்மையாகப் பாடிற்று. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் மற்றொரு குருவியினத்தில், இடத்துக்கு இடம் பாட்டிலே வட்டார வழக்குகளும் உண்டு என 1960களிற் கண்டனர். கற்கும் ஆற்றல் பிறப்பில் வருவது; கற்கும் பொருள் ஊரிலிருந்து வருவது. இந்த வகையில் மனிதன் சேவலைக் காட்டிலும் குருவிக்கே நெருங்கியவன்.

மனிதக் குழந்தையைக் குருவிபோலத் தனித்து வளர்த்துப் பார்ப்பது கொடுமை. எனினும் அதனையும் செய்து பார்த்த மன்னர் உளர். நமது பாரத கண்டத்திலேயே முகலாயச் சக்கரவர்த்தி அக்பர், பச்சிளங் குழந்தைகள் சிலரை ஒரு மனையில் வைத்து, அவர்கள் காதிற் பேச்சு விழாதவாறு வளர்க்கச் செய்தார். கேளாமலே எம்மொழி பிறக்கும் என்பதை அறிவது அவர் நோக்கம். 1582 ஆம் ஆண்டில் அவர் அம்மனைக்குச் சென்று பார்த்தபோது, அக்குழந்தைகளிடம் எம்மொழியும் இருக்கவில்லை. அபுல் பசல் எழுதிய அக்பர் நாமா என்னும் வரலாற்று நூல் இதனைக் கூறுகின்றது. தெய்வமொழி என்றோ ஆதிமொழி என்றோ ஒன்று உடலினுள் ஒளிந்திருக்கவில்லை என்பதை அப்பாவக் குழந்தைகளின் மௌனம் காட்டிற்று.

இனி நம் திண்ணைக்குத் திரும்புவோம். அக்குழந்தை 'உது' என்று சொல்வதற்கு முன்னர் அதன் காதும் மூளையும் எத்தனை வேலைகளைச் செய்து முடித்துவிட்டன என்று காண்போம்.

முதல் வேலை தாயின் வயிற்றிலேயே தொடங்கிவிடுகின்றது. கருப்பத்தின் இறுதி மாதங்களிற் குழந்தை தாயின் குரலைக் கேட்கின்றது. பிறந்து சில நாட்களே ஆன குழந்தைகள், அயலாள் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பிக் கேட்கின்றன என்பது 1980 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிறுவப்பட்டது. பிரான்சு நாட்டிற் பிறந்து நான்கு நாட்களான குழந்தைகள் பிரெஞ்சுப் பேச்சையும் ருசியப் பேச்சையும் வேறுபிரித்தறிந்தன என்பது 1988 இல் வெளியான ஆய்வு. பொருள் தெரியாது, ஆயினும் ஓசையின் நடை தெரிகின்றது.

அடுத்த வேலை எழுத்தொலிகளைப் பிரித்தறிவது. தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்து, உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்னும் எட்டிடங்களின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகப் பிறப்பதை விளக்கினார். அவர் கூறியது ஒலி பிறக்கும் வாயைப் பற்றி. அவ்வொலியை ஏற்கும் காதைப் பற்றி நம் காலத்திற் புதிய செய்தி ஒன்று கிடைத்தது.

கனடா நாட்டு அறிஞர்களான ஜனெட் வேர்க்கர், ரிச்சட் ரீஸ் ஆகிய இருவரும் 1984 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இந்தி மொழியில், நம் தகரம் போலப் பல்லில் நா பொருந்தப் பிறக்கும் ஒலியும், நம் டகரம் போல நாவை மடித்துப் பிறப்பிக்கும் ஒலியும் வெவ்வேறு. வளர்ந்த ஆங்கிலேயர் காதுக்கு இவ்விரண்டும் பெரும்பாலும் ஒன்றே. ஆனால் ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்ந்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதமாகும்போது அவற்றுட் பெரும்பாலான குழந்தைகள் அதனை உணரவில்லை! குழந்தை உலகத்து ஒலிகள் பலவற்றுக்கும் திறந்த காதோடு பிறக்கின்றது. ஓராண்டு முடிவதற்குள் தன் வீட்டாருக்கு வேண்டிய ஒலிகளிற் கூர்மை பெற்று, வேண்டாதவற்றைக் கைவிடுகின்றது.

யாழ்ப்பாணத்தார் காது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பத்து, பற்று, பட்டு என்னும் மூன்று சொற்களையும் நாம் மூன்று வெவ்வேறு இடங்களில் நாவை வைத்து ஒலிக்கின்றோம். தமிழகத்துப் பேச்சிற் பல இடங்களிற் 'காற்று' என்பது 'காத்து' ஆகிவிட்டது. நம்மிடம் றகரம் இரட்டிக்கும் அவ்வொலி, மேற்பல்லின் பின்னுள்ள முரசிற் பிறக்கும் தனியொலியாகவே நிற்கின்றது. ஆங்கிலத்தில் உள்ள அதனையொத்த ஒலியும் ஏறத்தாழ அவ்விடத்திலேயே பிறப்பது. ஆதலாற்றான் தமிழகத்தார் 'மீட்டர்' என்று எழுதுவதை நாம் 'மீற்றர்' என்று எழுதுகின்றோம். அவர்கள் 'டொரோண்டோ' என்பதை 'ரொறன்ரோ' என்கின்றோம். இதில் எது சரி, எது பிழை என்னும் வழக்குக்கு இடமில்லை. ஒவ்வொருவரும் முதலாண்டிலே தம் காது பெற்ற பயிற்சியின்படி எழுதுகின்றனர்.

ஒலியைக் கடந்தால் இலக்கணம். 'அல்லைப்பிட்டியிற் பிறந்த தம்பி நேற்று வந்தான்' என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். ஆ என்னும் வினா இடைச்சொல்லை இதில் எங்கே சேர்க்கலாம்? 'தம்பியா வந்தான்' எனலாம், 'நேற்றா வந்தான்' எனலாம், 'வந்தானா' எனலாம். ஆயின் 'பிறந்த' என்னும் பெயரெச்சத்தோடு அதனை ஒட்டி, 'பிறந்தவா தம்பி வந்தான்' என்று எவரும் கேட்பதில்லை. அவ்வாறு கேட்கலாகாது என்று எந்தத் தாயும் பிள்ளைக்குக் கூறியதுமில்லை. சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காதில் விழுந்தாலும், குழந்தையின் மனம் அவற்றைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக் கொள்கின்றது. 'அல்லைப்பிட்டியிற் பிறந்த தம்பி' என்பது அதற்கு ஒரே கட்டு.

அமெரிக்க அறிஞர் நோம் சொம்ஸ்கி 1957 இல் வெளியிட்ட நூலாலும், 1959 இல் எழுதிய புகழ்பெற்ற மதிப்புரையாலும் இத்தகைய உண்மைகளை முன்வைத்து, குழந்தை கேட்கும் பேச்சு மட்டும் இவ்வறிவுக்குக் காரணமாகப் போதாது என்று வாதிட்டார். இலக்கணத்தின் அடிப்படை அமைப்பு மனித மூளைக்கு இயல்பாகவே வாய்த்தது என்பது அவர் கொள்கை. மைக்கல் தொமசெல்லோ போன்ற வேறு அறிஞர்கள் இதனை மறுத்து, பிறர் கருத்தை அறியும் ஆற்றலும், கேட்டவற்றில் ஒழுங்கு காணும் ஆற்றலுமே போதும் என்கின்றனர். இவ்வழக்கு இன்னும் தீரவில்லை. எனினும் குழந்தையின் மனம் வெறும் பலகை அன்று என்பதில் இரு சாராரும் உடன்படுகின்றனர்.

தொமசெல்லோ சுட்டிக்காட்டும் ஆற்றலை நம் திண்ணையிலேயே காணலாம். ஏறக்குறைய ஒரு வயதில் மனிதக் குழந்தை சுட்டுவிரலை நீட்டத் தொடங்குகின்றது. ஒரு பொருளைப் பெறுவதற்கு மட்டுமன்றி, 'அதோ பார், நிலா' என்று தான் கண்டதைப் பிறரோடு பகிர்வதற்கும் அது விரலை நீட்டுகின்றது. மனிதனுக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சிக் குரங்குகள் காட்டில் இவ்வாறு சுட்டிக் காட்டுவதை ஆராய்ச்சியாளர் காண்பது மிக அரிது. நம் இலக்கணத்தார் அ, இ, உ என்பவற்றுக்குச் 'சுட்டு' என்று பெயரிட்டது எத்தனை பொருத்தம்! 'உது' என்று சொல்வதற்குக் குழந்தை தன் இடத்தை அறிந்தாற் போதாது. கேட்பவரின் இடத்தையும் மனத்திற் கொள்ள வேண்டும். அம்மம்மாவுக்கு அருகில் இருப்பது எது என்று எண்ண வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை இன்னொருவர் நிலையில் நின்று உலகைப் பார்க்கத் தொடங்குவதை அவ்வொரு சொல்லிற் காண்கின்றோம்.

இத்திறம் உடலில் எங்கே உறைகின்றது? 1861 ஆம் ஆண்டிற் பரிசு நகரத்து மருத்துவர் போல் புரோக்கா, பல்லாண்டுகளாக 'தான்' என்னும் ஓரொலியைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டாதிருந்த ஒரு நோயாளியைக் கண்டார். பிறர் கூறுவதை அவர் பெரும்பாலும் விளங்கிக் கொண்டார். அவர் இறந்த பின் மூளையை ஆராய்ந்தபோது, இடப்பக்கத்து முன்பகுதியிற் பழுது காணப்பட்டது. 1874 இல் ஜேர்மனிய மருத்துவர் கார்ல் வேர்ணிக்கே, காதுக்கு அண்மையிலுள்ள இடப்பக்கப் பகுதி பழுதுபட்டால், பேச்சு தடையின்றி ஓடினும் பொருள் குழம்பிவிடுவதைக் காட்டினார். இன்று நாம் அறிவது, மொழி ஓரிரு புள்ளிகளில் அடங்குவதன்று, மூளையின் பல பகுதிகளை இணைக்கும் ஒரு வலை என்பதாகும்.

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. காது கேளாதோர் கையாற் பேசும் சைகைமொழியை உடையவர்கள். அவர்களுள் இடப்பக்க மூளையிற் பழுதுற்றவர்களை ஆராய்ந்தபோது, கையசைவுகள் பிற வேலைகளுக்கு நன்கு இயங்கினாலும், சைகைமொழியின் இலக்கணம் குலைந்திருந்ததைக் கண்டனர். ஆகவே மொழி வாயைச் சேர்ந்ததோ காதைச் சேர்ந்ததோ அன்று. அவற்றுக்குப் பின்னே இருக்கும் மூளையைச் சேர்ந்தது. வாய் மூடப்பட்டால் அது கை வழியே வெளிப்படும்.

பரம்பரையின் பங்கினையும் கூறவேண்டும். இலண்டனில் வாழ்ந்த ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறைகளாக ஏறத்தாழ அரைவாசிப் பேர் பேச்சிலும் மொழியிலும் பெரும் இடர்ப்பட்டனர். ஏழாவது நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகின் பிறழ்வே அதற்குக் காரணம் என 2001 இற் கண்டறியப்பட்டது. பொக்ஸ்-பி-2 என்பது அதன் பெயர். பத்திரிகைகள் சில உடனே 'இலக்கணத்தின் பரம்பரையலகு அகப்பட்டது' என்று முழங்கின. அது மிகையுரை. அதே அலகு எலியிலும் உண்டு, குருவியிலும் உண்டு. குருவியில் அது குன்றினாற் பாட்டைக் கற்பது பழுதுபடுகின்றது. மொழிக்கென இயற்கை புதிதாக ஒரு மாளிகை கட்டவில்லை. பழைய கல்லையும் மரத்தையும் கொண்டே கட்டிற்று எனலாம். அதற்கு உதவும் பல அலகுகளுள் இஃது ஒன்று.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். மொழித்திறம் பரம்பரையாக வருவது என்றால், தமிழும் சிங்களமும் பரம்பரையாக வருவன என்று பொருளாகாது. கொரிய நாட்டிற் பிறந்து, மூன்று முதல் எட்டு வயதுக்குள் பிரான்சு நாட்டுக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டவர்களை வளர்ந்த பின் ஆராய்ந்தனர். 2003 இல் வெளியான அவ்வாய்வின்படி, அவர்களாற் கொரியத் தொடர்களை ஏனைய அயல்மொழித் தொடர்களினின்றும் பிரித்தறிய முடியவில்லை. உடல் கொரிய உடல். மொழி முற்றும் பிரெஞ்சு. பின்னர் 2017 இல் ஒல்லாந்தில் வளர்ந்த இத்தகையோரிடையே செய்த ஆய்வு, ஒரு மெல்லிய சுவடு எஞ்சியிருத்தலைக் காட்டிற்று. கொரிய ஒலிகளைப் பயிற்றியபோது, அவர்கள் மற்றைய ஒல்லாந்தரிலும் பார்க்க நன்றாக உச்சரித்தனர். அந்தச் சுவடும் இரத்தம் தந்ததன்று. குழந்தைக் காது கேட்டுவைத்தது.

மண்கும்பான் தாய்க்குப் பிறந்த குழந்தை மாத்தறையில் ஒரு சிங்களக் குடும்பத்தில் வளருமாயின், அழகிய சிங்களம் பேசும். மாத்தறைத் தாய்க்குப் பிறந்த குழந்தை மண்கும்பானில் வளருமாயின், தயக்கமின்றி 'உது' என்னும். சிங்களத்திலும் கேட்பவர் அருகிலுள்ளதைச் சுட்ட 'ஓய' என ஒரு தனிச்சுட்டு உண்டு என்பது இங்கே நினைக்கத்தக்கது. இரண்டு குழந்தைகளும் நீட்டும் விரல் ஒன்றே. மொழியை இரத்தத்தோடு பிணைத்துப் பேசும் பேச்சுக்கு உயிரியலில் ஆதாரம் இல்லை.

மொழி இரத்தத்தில் இல்லையென்றால், அது தானாகவே காக்கப்படும் என்னும் நம்பிக்கையும் இல்லையாகின்றது. 1990 ஆம் ஆண்டிற் போர் தீவகத்தைச் சூழ்ந்தபோது, மண்கும்பான் முதலான ஊர்களின் மக்களிற் பெரும்பாலோர் வீடு வாசலை விட்டு அகன்றனர். சிலர் பின்னாளில் மீண்டனர். பலருடைய பேரப்பிள்ளைகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பரிசிலும் வளர்கின்றனர். 'எங்கள் பிள்ளை தமிழன்தானே, பெரியவனானதும் தமிழ் தானாக வரும்' என்று கூறும் பெற்றோர் உளர். அது தானாக வராது. 'இரண்டு மொழி பேசினாற் பிள்ளை குழம்பிவிடும்' என அஞ்சும் பெற்றோரும் உளர். அந்த அச்சத்துக்கும் ஆதாரமில்லை. பிறந்தது முதல் இரண்டு மொழிகளைக் கேட்கும் குழந்தைகள் இரண்டையும் வேறுபிரித்துக் கற்றுவிடுகின்றனர்.

எவ்வாறு கேட்கச் செய்வது? அமெரிக்க அறிஞர் பற்றீசியா கூல் என்பார் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டுகின்றது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலரோடு, சீனமொழி பேசுவோர் பன்னிரண்டு முறை நேரில் அமர்ந்து விளையாடிப் பேசினர். அக்குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றன. அதே பேச்சைப் படக்காட்சியாகவும் ஒலிப்பதிவாகவும் பெற்ற குழந்தைகள் எதனையும் கற்கவில்லை. தொட்டிலின் அருகே கருவியைப் பாடவிட்டு வேலைக்குச் செல்லும் பெற்றோர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். கடல் கடந்திருக்கும் அம்மம்மா மனந்தளர வேண்டியதில்லை. இரண்டு வயதை எட்டிய குழந்தைகள், தம் பார்வைக்கும் சொல்லுக்கும் உடனுக்குடன் மறுமொழி தரும் ஒருவரைத் தொலைபேசித் திரையிற் கண்டு பேசும்போது புதிய சொற்களைக் கற்கின்றனர் என 2014 இல் ஓர் ஆய்வு காட்டிற்று. வேண்டியது மறுமொழி. பிள்ளை ஒன்று சொல்ல, நாம் ஒன்று சொல்ல, பேச்சு இருபுறமும் ஓட வேண்டும்.

பருவம் தவறினால் எல்லாம் போயிற்றா என்று கேட்கலாம். இல்லை. ஒலிகளுக்கு முதலாண்டே மிகக் கூரிய காலம். இலக்கணத்துக்குப் பிள்ளைப் பருவம் முழுவதும் வாயில் திறந்திருக்கின்றது. சொற்களைக் கற்பதற்கு முதுமை வரையும் தடையில்லை. இதே வேலணைத் தீவின் கரம்பொன்னிற் பிறந்த தனிநாயகம் அடிகளார், உரோமாபுரியிற் சமயக் கல்வி பயின்று, ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்று, பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாக ஆராய்ந்தார். 1966 இற் கோலாலம்பூரில் நிகழ்ந்த முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டுக்கு முன்னின்றவரும் அவரே. ஆனால் வளர்ந்த பின் மொழிகளைக் கற்க வல்லவர், குழந்தைப் பருவத்தில் ஏதேனும் ஒரு மொழியை நிறைவாகப் பெற்றவரே ஆவர். முதல் மொழியே வாயாதவருக்கு இரண்டாவது கற்பது பெருந்துன்பம்.

இங்கேதான் நாம் பெரிதும் கவனிக்க வேண்டிய பிள்ளைகள் இருக்கின்றனர். ஆயிரம் குழந்தைகளில் ஒன்றோ இரண்டோ காது கேளாமற் பிறக்கின்றன. அவர்களிற் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கின்றனர். ஆகவே வீட்டார் அறியாமலே ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு கழிந்துவிடுகின்றது. 'சில பிள்ளைகள் பிந்தித்தான் பேசும்' என்று அயலார் ஆறுதல் கூறுகின்றனர். அக்குழந்தையின் மூளையோ மொழிக்காகக் காத்திருக்கின்றது. அக்பரின் மனையில் அரச கட்டளையால் நேர்ந்த மௌனம், அன்பு நிறைந்த வீட்டிலும் அறியாமையால் நேரலாம்.

நிக்கராகுவா நாட்டில் நிகழ்ந்தது இதற்கு மறுதலை. அந்நாட்டிற் காது கேளாத பிள்ளைகள் வெவ்வேறு வீடுகளில் தனித்திருந்தனர். 1977 இல் மனாகுவா நகரில் அவர்களுக்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. ஆசிரியர்கள் உதடசைவைக் கற்பிக்க முயன்றனர். பிள்ளைகளோ விளையாட்டு முற்றத்திலும் பேருந்திலும் தம் வீட்டுச் சைகைகளைக் கலந்து பேசத் தொடங்கினர். ஆண்டுதோறும் வந்து சேர்ந்த சிறு பிள்ளைகள் அதனை மேலும் மேலும் இலக்கணம் உடையதாக்கினர். சில ஆண்டுகளில் ஒரு புதிய சைகைமொழியே உருவாயிற்று. மூத்தவர்களிலும் பார்க்க இளையவர்களே அதனை நுட்பமாகக் கையாண்டனர் என ஆராய்ச்சியாளர் கண்டனர். குழந்தைகள் ஒன்றுகூடி, ஒருவரையொருவர் கண்டு, பருவத்தே பழகினால், மொழி இல்லாத இடத்திலும் மொழி பிறக்கும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் நாட்டிலும் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளிகள் உண்டு. யாழ்ப்பாணத்துக் கைதடியில் உள்ள நவீல்ட் பாடசாலையை நேயர் பலர் அறிவர். ஆயினும் பள்ளி வயது வரையும் காத்திருப்பது பிந்திய காரியம். பெரிய ஒலி கேட்டும் குழந்தை திடுக்கிடவில்லையா? ஆறாம் மாதத்திலும் அழைப்பவர் குரல் வரும் திசைக்குத் திரும்பவில்லையா? ஒரு வயதாகியும் பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கவில்லையா? உடனே மருத்துவரிடம் காட்டிச் செவிப்புலனைச் சோதிப்பித்தல் வேண்டும். கருவி பொருத்துவதோ சிகிச்சையோ ஒருபுறம் நடக்க, அன்று முதலே கையாலும் கண்ணாலும் அக்குழந்தையோடு பேசத் தொடங்கல் வேண்டும். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்து, தொட்டிலிலேயே சைகைமொழியைக் கண்ட குழந்தைகள், மற்றக் குழந்தைகள் வாயால் மழலை பேசும் காலத்திற் கையால் மழலை பேசுவதை 1991 இற் கனடாவிற் கண்டனர். அவர்களுக்கு மொழி பிந்துவதில்லை.

நேயர்களே, மண்கும்பான் திண்ணைக்குப் போய்ப் பேச்சை முடிப்போம். குழந்தை 'உது' என்று சொன்னதும் அம்மம்மா குட்டானை அவிழ்த்து, "உதுவோ? இந்தா, இது பனங்கட்டி" என்று ஒரு துண்டைக் கையிற் கொடுக்கின்றார். கேட்ட சொல்லை ஏற்று, அடுத்த சொல்லையும் தந்துவிட்டார். ஏட்டுக்கு நல்ல நாள் பார்க்கின்றோம். இந்தக் கல்விக்கு நாளும் இல்லை, கோளும் இல்லை, பள்ளியும் இல்லை. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அதற்கு ஆசிரியர். இன்று உங்கள் வீட்டிற் குழந்தை ஒன்று விரலை நீட்டினால், கையிலுள்ள வேலையைச் சிறிது நிறுத்தி, அது காட்டும் பொருளைப் பாருங்கள். அதன் பெயரைச் சொல்லுங்கள். அது மறுமொழி சொல்லும் வரையும் காத்திருங்கள்.